செத்தவீட்டுக்குப் போன கதிரைகள்

ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நான் ஒபிசில் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். வேலை நேரத்தில்தான். பட்டப்பகலில்தான். எனக்குப் பக்கத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நஸ்ரின், மெல்பேர்னில் யாரோ கட்டப்போகும் வீட்டுக்குக் குளியலறை வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பையன் அட்டைப்பெட்டியின் மேல் லப்டொப்பை வைத்துக்கொண்டு லண்டன்காரர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மண்டபம் முழுவதும் மேசைகள் இருந்தன. ஒரு கதிரை கூட இல்லை.

எங்கே போயின கதிரைகள்?

செத்தவீட்டுக்கு!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னுடைய சோம்பல் புதிதல்ல. வீட்டில் இருந்து எழுதினால் அது இரட்டிப்பாகிவிடும். அதோடு, வீட்டில் இருந்து எழுதுவதை யார் வேலை என்று நம்புகிறார்கள்? “சும்மாதானே இருக்கிறியள், இந்த முருங்கையிலையை ஒருக்கா உருவித் தாங்கோ” என்று கேட்பார்கள். முருங்கையிலை உருவிய நாளில் எந்தப் பத்தி எழுத்தாளருக்குப் பத்தி வந்திருக்கிறது?

அதனால்தான் கோவேர்க்கிங் ஸ்பேஸ் தேடிப் போனேன். தெரியாதவர்களுக்காக — அது ஒரு பொது ஒபிஸ். மேசை, கதிரை, ஃபான், இன்ரநெற் எல்லாம் இருக்கும். ஓர் இருக்கையை நாளுக்கோ மாதத்துக்கோ வாடகைக்கு எடுத்து, அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கொம்பனி இல்லை. உங்கள் முதலாளி அந்தக் கண்டத்திலேயே இல்லை. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கும் இப்படித்தான் மாத வாடகை வைப்பார்கள்.

வவுனியா டவுனில் இப்போது இப்படி இடங்கள் பல வந்துவிட்டன. கிளிநொச்சியிலும் இருக்கிறது. முல்லைத்தீவில் கூட ஒன்று வருகிறதாம். டவுனில் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி, குளிர், சுவர் நிறைய ஆங்கிலத்தில் உற்சாக வாசகங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். எனக்கு எழுத வரவில்லை. பஸ் ஏறி ஓமந்தைக்கு வந்துவிட்டேன்.

ஓமந்தை என்றால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் வரும் ஞாபகம் சண்டைக்காலச் சோதனைச்சாவடி வரிசைதான். பைகளை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்து, வெயிலில் மணிக்கணக்காக நின்ற இடம். உட்கார ஒரு கல் கிடைத்தால் பெரிய காரியம். அதே ஓமந்தையில் இன்று உட்காருவதற்கென்றே ஓர் இடம் வாடகைக்குக் கிடைக்கிறது என்றால்... முதல் நாள் அந்தக் கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நான் எதுவுமே செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தை நடத்துபவள் மேகலா. முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய மாமனார் ஒரு காலத்தில் நெல் அடுக்கிய களஞ்சியம் அது. உயரமான கூரை. கூரையை ஒட்டிக் காற்றுப் போகச் சின்னச் சின்னத் துவாரங்கள். மத்தியானத்தில் அவற்றின் வழியாக வெயில் சதுரம் சதுரமாக மேசைகளில் விழும். ஃபான் சுற்ற, எங்கோ ஒரு மூலையில் இருந்து பழைய உமி வாசம் இன்னும் வரும். ஜன்னலுக்கு வெளியே வயல், அதற்கப்பால் குளக்கட்டு, கட்டின் மேல் யாருடையதோ மாடு.

அங்கே இருந்து வேலை செய்வது பாதி நித்திரையில் இருப்பது மாதிரி. உடம்புகள் எல்லாம் ஓமந்தையில் இருக்கும். குரல்கள் மட்டும் மெல்பேர்னில், லண்டனில், டுபாயில் அலைந்துகொண்டிருக்கும். ரயில் வரும் நேரம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல மைக்கை மூடுவார்கள். ரயில் போய், தண்டவாளத்தின் சத்தமும் தேய்ந்த பிறகு, ஒவ்வொருவராகத் திரும்ப வெளிநாட்டுக்குப் போவார்கள். அந்த இடைப்பட்ட ஒரு நிமிடத்தில் மட்டும்தான் நாங்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருப்போம்.

முதலில் ஹெட்செட் மாட்டிய இளசுகள்தான் வந்தார்கள். பிறகு ஜெர்மன் படிக்கும் நேர்ஸ் பிள்ளைகள் வந்தார்கள். பூவரசங்குளத்திலிருந்து ஒருத்தி வருகிறாள், இன்ரநெற்றில் சேலை விற்பவள். சேலைகள் வீட்டில், அவற்றின் படங்கள் இங்கே. ரிட்டயர் ஆன ஒரு ஐயா மாத வாடகை கட்டிவிட்டு ஃபானுக்குக் கீழே பேப்பர் வாசித்துப் போகிறார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. நான் என்ன செய்கிறேன் என்று அவரும் கேட்பதில்லை. நாகரிகமான மனிதர்.

மேகலாவின் பெருமை அவளுடைய கதிரைகள். சக்கரம் வைத்த சுழல் கதிரைகள், முதுகுக்கு வலை போட்டவை, கொழும்பிலிருந்து லொறியில் வந்தவை. காலையில் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். துடைத்து முடித்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். மண்டபம் முழுக்கக் கதிரைகள் யாரும் இல்லாமல் மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கவே நான் சில நாள் முதல் பஸ்ஸில் வந்ததுண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேகலாவின் கணவர் சுதன் தோஹாவில் வேலை செய்கிறார். நல்ல மனிதர்தான். தனியாக இருந்து அலுத்துப்போனவர். “தை வரைக்கும் செய்து பாரும். அதுக்குள்ள நிலையான ஆக்கள் வராட்டி, களஞ்சியத்தை ஆருக்கும் நெல் அடுக்கக் குடுத்திட்டு இஞ்ச வாரும்” என்று சொல்லியிருந்தார். மேகலாவும் ஓம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

“போக விருப்பமில்லையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரோட இருக்க விருப்பம் அக்கா. ஆனா அங்க நான் என்ன செய்ய? மாடியில நிண்டு கீழ போற கார்களைப் பாக்கிறதோ? இஞ்ச எண்டால் காலமை கதவைத் திறக்கேக்க நான் ஒரு ஆள். இதை விட்டிட்டுப் போனா நான் ஆர் எண்டு எனக்கே தெரியாது.”

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆடி முடியும் நேரத்தில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி. வன்னியில் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். அவர்களை உட்கார வைக்க இடம் தேடுகிறார்களாம். பாதி மண்டபத்தை ஒரு வருடத்துக்கு எடுக்கலாம் என்றார்கள். மேகலா படம் அனுப்பினாள், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் ஓம் என்றால் மேகலா ஓமந்தையில். இல்லையென்றால் தோஹாவில். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கிழமை திங்கட்கிழமை காலையில் கனகையா அண்ணை காலமானார்.

களஞ்சியத்து ஒழுங்கையின் முடிவில்தான் அவர் வீடு. வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். காட்டுப் பாதையில் கை காட்டாத ஆட்களுக்குக் கூட நிறுத்துவார் என்று பெயர். அவருடைய மருமகன் அரியம், பெட்டி பூட்டிய உழவு மெசினோடு களஞ்சிய வாசலில் வந்து நின்றான்.

“மேகலாக்கா, மாமா போட்டார். ஊரில ஒரு கதிரை இல்லை. வாடகைக்கு விடுற கடையெல்லாம் போய்ப் பாத்திட்டன். முகூர்த்த நாள். எல்லாம் கலியாண வீடுகளில நிக்குது. சனம் வரத் தொடங்கிட்டுது...”

மேலே கேட்க அவனுக்குக் கூச்சம். சக்கரக் கதிரைகளைப் பார்த்தபடி நின்றான்.

மேகலா யோசிக்கவே இல்லை. “ஏத்துங்கோ” என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். செத்தவீடு என்றால் ஊரில் உள்ள கதிரை எல்லாம் அந்த வீட்டுக் கதிரைதான். வாசிகசாலைக் கதிரை, கோயில் மடத்துக் கதிரை, அயல் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரை, எல்லாம் கேட்காமலே போகும். கோவேர்க்கிங் கதிரை மட்டும் வானத்தில் இருந்து வந்ததா என்ன?

நஸ்ரின் மேகலாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். செட்டிகுளத்துப் பிள்ளை, வாப்பா புடைவைக் கடை வைத்திருப்பவர். வியாபார வீட்டுப் புத்தி அவளுக்கு உண்டு.

“அக்கா, வியாழக்கிழமை ஆக்கள் வருகினம். எப்ப திருப்பித் தருவியள் எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோவன்.”

“செத்தவீட்டுக்காரரிட்ட அப்பிடிக் கேக்கலாமோ நஸ்ரின்? நாளைக்குப் பிரேதத்தை எடுத்துப்போடுவினம். புதன்கிழமைக்குள்ள எல்லாம் வந்திடும்.”

அதுதான் பிழை. இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. செத்தவீட்டில் கதிரை எப்போது வரும் என்று கேட்கிற வாய் எங்களுக்கு இல்லை. அதோடு, சாவு ஒரு நாள் காரியமாக இருந்த காலம் போய்விட்டது என்பதையும் அவள் மறந்துவிட்டாள். கனகையா அண்ணையின் ஒரே மகன் ரமணன் ரொறன்ரோவில். கொள்ளி வைக்க அவன் வரவேண்டும். அவனுக்கு விமானச் சீட்டுக் கிடைக்க வேண்டும். இப்போதெல்லாம் பிரேதங்களும் பிள்ளைகளின் ரிக்கெற்றுக்காகக் காத்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமைதான் தகனம் என்று அறிவித்தார்கள்.

செவ்வாய் மாலை மேகலாவும் நானும் துக்கம் கேட்கப் போனோம். முற்றத்தில் பந்தல். பந்தலுக்குக் கீழே மணல். மணலில்... சுழல் கதிரைகள்!

சக்கரங்கள் மணலில் புதைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்து நின்றன. வேட்டி கட்டிய பெரியவர்கள் முதுகு வலையில் சாய்ந்து, கைப்பிடியில் கை வைத்து, இயக்குநர் சபைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படலையைத் திறந்து யாராவது வந்தால் அத்தனை பேரும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பினார்கள். உள்ளே பெண்களின் அழுகைச் சத்தம் கூடினால் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்கள். கனகையா அண்ணையின் தமையன் மட்டும் யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி, காலால் மணலை உந்தி உந்தி, ஒரு சின்னப் பிள்ளையைத் தாலாட்டுவது மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அழுகை வந்தது. இரண்டையும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மேகலாவிடம் மெல்லச் சொன்னேன். “ஒரு பத்துக் கதிரையாவது வியாழக்கிழமைக்குக் கேட்டுப் பாப்பமோ? பந்தலில இடம் இருக்கே.”

“இருக்கிற ஆக்களை எழுப்பிப்போட்டோ அக்கா?”



புதன்கிழமை நஸ்ரின் செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் பன் புல்லில் இழைத்த பாய் ஒரு கட்டுக் கொண்டுவந்தாள். கதிரைகள் வந்த அட்டைப்பெட்டிகளை மேகலா எறியாமல் வைத்திருந்தாள். அவற்றைக் கவிழ்த்து லப்டொப்புக்கு மேசையாக்கினோம். ரிட்டயர் ஐயா வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் பேப்பரை விரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம். வெயில் சதுரங்கள் மேசைகளைத் தேடி வந்து, யாருமில்லாத மேசைகளில் உட்கார்ந்திருந்தன. ஃபான் காற்று பாயின் மட்டத்துக்கு வரும்போது மெத்தென்று ஆகிவிடுகிறது. நான் யோசிப்பதற்காகத்தான் படுத்தேன். அதை யாரும் நம்ப வேண்டாம்.

கனவில் கதிரைகள் வந்தன. குளக்கட்டில் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக, யாரும் தள்ளாமல் உருண்டு வந்தன. குளத்தில் தண்ணீர் குறைவு. ஆனால் கனவில் அது நிறைந்திருந்தது. முன்னால் வந்த கதிரையில் கனகையா அண்ணை ஸ்டியரிங் பிடிப்பது மாதிரிக் கையை வைத்துக்கொண்டிருந்தார். கட்டின் மேல் நின்ற மாட்டுக்காக நிறுத்தினார். மாடு ஏறவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி புறப்பட்டார்...

வாசலில் கார் வந்து நின்ற சத்தத்தில் விழித்தேன்.

கொம்பனியிலிருந்து வந்தவள் பெயர் தர்ஷினி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். கெட்டிக்காரி என்று முகத்தில் எழுதியிருந்தது. மண்டபத்தைப் பார்த்தாள். பாய்களைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து கொண்டையைச் சரிசெய்த என்னைப் பார்த்தாள்.

“இது... யோகா கிளாஸோ?”

“இல்லை மிஸ்” என்றாள் மேகலா. “கதிரையள் செத்தவீட்டுக்குப் போட்டுது.”

வேறு யாராவது என்றால் பெயின்ற் அடிக்கிறோம், திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். நானே இரண்டு பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். மேகலா முழுக்கதையையும் சொல்லிவிட்டாள் — ரிக்கெற் கிடைக்காத மகன் வரைக்கும்.

தர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு பாயில் உட்கார்ந்தாள். பிளேன்ரீ குடித்தாள். இன்ரநெற் வேகத்தைப் பார்த்தாள், ஜெனரேட்டரைப் பார்த்தாள், திருப்தி என்றாள். ரயில் வந்தபோது எல்லோரும் மைக்கை மூடியதைப் பார்த்துச் சிரித்தாள். போகப்போக எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவள் கப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மேகலா, எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ஆனா நான் திரும்பிப் போய் ரிப்போர்ட் குடுக்கோணும். எங்கட பிள்ளையள் இஞ்ச வேலை செய்யேக்க இன்னொரு செத்தவீடு வந்தால்?”

மேகலா கப்புகளைத் தட்டில் அடுக்கினாள்.

“இனிமேல் குடுக்க மாட்டம் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது போதும். நான் மிச்சத்தைப் பாத்துக்கொள்ளுறன்.”

ஒரு வார்த்தை! நான் மனதுக்குள் கத்தினேன் — சொல்லு, மேகலா! சொன்னால் என்ன, நாளைக்கே யாரும் சாகப் போகிறார்களா? நஸ்ரின் வரைவதை நிறுத்திவிட்டாள். ரிட்டயர் ஐயா பேப்பரை இறக்கினார்.

மேகலா பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த பன்னை விரலால் தடவினாள். “அப்பிடிச் சொல்லேலாது மிஸ்” என்றாள். “கேட்டு வந்தா குடுப்பன்.”

தர்ஷினி கோபிக்கவில்லை. அவள் கெட்டவளும் இல்லை. போகும்போது மேகலாவின் தோளைத் தொட்டு, “என்ர பக்கத்தையும் யோசிச்சுப் பாருங்கோ” என்று மட்டும் சொன்னாள். அவள் பக்கமும் நியாயம்தான். சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளைப் பாயிலா இருத்துவது? அடுத்த கிழமை ஈமெயில் வந்தது. மிகவும் மரியாதையான ஈமெயில். டவுனில் வேறு இடம் எடுத்துவிட்டார்களாம்.

“சொல்லியிருக்கலாமோ அக்கா?” என்று மேகலா கேட்டாள்.

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபம்? தர்ஷினி மேலா, சுதன் மேலா, இப்படியொரு நாள் பார்த்துச் செத்துப்போன கனகையா அண்ணை மேலா? தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

இதற்கிடையில், தகனம் முடிந்த மறுநாளே கதிரைகள் திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றையும் கழுவி, வெயிலில் காயவைத்து, சக்கரத்தில் சிக்கிய மணலை ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்படியும் ஒரு கதிரையின் வலையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. யாருடையது என்றே தெரியாத ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையும் கூட வந்தது. இறக்கிவைக்க உதவிய ஆள் மொட்டைத் தலையோடு, கண் சிவந்து போய் நின்றான். அவன்தான் ரமணன், ரொறன்ரோ மகன்.

எல்லாம் இறக்கிய பிறகும் அவன் போகவில்லை. வைஃபை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தங்கச்சி, இஞ்ச இருந்து வேலை செய்யலாமோ? அந்தியேட்டி மட்டும் நிக்கச் சொல்லி அம்மா அழுறா. ஒபிசில தந்தது ஒரு கிழமை லீவுதான். வீடு முழுக்கச் சனம். போன் கூடச் சரியா எடுக்குதில்லை.”

முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டி வரை மகன் வீட்டில் நிற்க வேண்டும் என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்? அவன் கொஞ்சம் தயங்கி, “செத்தவீட்டுத் துடக்கோட வாறது பிரச்சினையோ?” என்றும் கேட்டான்.

“துடக்குக் கோயிலுக்குத்தான் அண்ணை. இன்ரநெற்றுக்கு இல்லை” என்றாள் மேகலா.

ரொறன்ரோவில் விடியும்போது எங்களுக்குப் பொழுதுபடும். ஆகவே ரமணனுக்காக மாலையிலும் களஞ்சியம் திறந்திருந்தது. லண்டனிலிருந்து வந்திருந்த அவனுடைய தங்கையும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு மத்தியானங்களில் வரத் தொடங்கினாள். கொம்பனியின் ஈமெயில் வந்த கிழமையில் இந்த இரண்டு பேர்தான் புது ஆட்கள். மேகலா அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வந்தவர்கள், போய்விடுவார்கள் என்றாள்.

ஆனால் செத்தவீட்டுக் கதையின் வேகம் எந்த இன்ரநெற்றுக்கும் கிடையாது. அந்தப் பந்தலில் சுழல் கதிரையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை ஊருக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்? ‘இது எங்கத்தைக் கதிரை’ என்று கேட்காமல் ஒருவராவது எழும்பியிருப்பாரா? ‘ஓமந்தையில ஒரு இடம் இருக்குதாம், இஞ்ச நிண்டுகொண்டே அங்கத்தை வேலையைச் செய்யலாமாம்’ என்று பிள்ளைகளுக்குப் போன் போயிருக்கிறது. தாயை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக நோர்வேயிலிருந்து வந்த ஒருவர் கேட்டு வந்தார். தகப்பனுக்குக் கண் மங்கிவிட்டது என்று சிட்னியிலிருந்து ஒருத்தி வந்தாள். ஒரு கிழமை லீவில் வந்து, அழுது, சூட்கேஸைக் கட்டிப் போகிறவர்கள், இப்போது ஒபிஸையும் சூட்கேஸில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

மற்ற ஊர்களில் கோவேர்க்கிங் என்றால் என்ன சொல்கிறார்கள்? இளைஞர்கள், புதுத் தொழில், நுரை பொங்கும் கோப்பி. எங்கள் களஞ்சியத்தை நிரப்பியது வயதான அப்பாக்களும் அம்மாக்களும்தான். அவர்கள் அங்கே வரவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் வந்தார்கள். ஒருவர் போக இன்னொருவர் வருகிறார். யாருமே நிலையானவர்கள் இல்லை. கதிரை மட்டும் காலியாவதில்லை.

அந்தியேட்டி முடிந்தது. ரமணன் போகவில்லை. ரிக்கெற்றைத் தை முடியும் வரை தள்ளிப் போட்டுவிட்டான்.

போன கிழமை ஒரு மாலை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. களஞ்சியத்தின் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டால் எந்த வேலையும் அவசரமில்லை என்று தோன்றும். குளக்கட்டு மங்கலாகத் தெரிந்தது, குளம் நிறைய ஆரம்பித்திருந்தது. ரமணனின் அம்மா குடை பிடித்துக்கொண்டு, மகனுக்குச் சுடச்சுட உளுத்தங்களி கொண்டுவந்தா. அவன் மீட்டிங்கில் இருந்தான். மேகலா ஒரு சுழல் கதிரையை அவன் பக்கத்தில் தள்ளிவிட்டாள்.

அம்மா அதில் உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டா. அவாவுடைய கால் நிலத்தில் முட்டவில்லை. மகன் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசப் பேச, அவா ஒன்றும் விளங்காமல், ஆனால் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டு, மெல்ல இப்படியும் அப்படியும் சுழன்றுகொண்டிருந்தா. மகன் ரொறன்ரோவில் இருந்தான். தாய் ஓமந்தையில். இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் ஒரு முழம் தூரம்.

நான் பத்தி எழுத வந்தவள். எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் மேகலாவுக்குத் தோஹாவிலிருந்து அழைப்பு வந்தது. மழைச் சத்தத்தில் உரத்துத்தான் பேச வேண்டியிருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது.

“ஓமப்பா, யோசிச்சிட்டன்... தைக்கு நான் வரேல்லை... நிலையான ஆக்களோ? ஒருத்தரும் இல்லை... ஓம், ஒருத்தரும் இல்லை. ஆனா இண்டைக்கு வந்த ஒரு ஆளுக்கு இருக்க இடமில்லாமல் அந்தச் சிவப்புக் கதிரையைக் குடுத்தனான்.”

அந்தப் பக்கம் அவர் நீளமாக ஏதோ சொன்னார். மேகலா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 

“நீங்களும் எத்தினை வருசத்துக்கு அங்க தனிய இருப்பியள்?” என்றாள் மேகலா.  “தைக்கு நீங்கள் வாங்கோ. வந்து ஒருக்கா இருந்து பாருங்கோ... உங்களுக்கு ஒரு கதிரை பிடிச்சு வைக்கிறன்.”

அவர் சிரித்த சத்தம் எங்களுக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் ஜன்னலோரக் கதிரை ஒன்றைத் துடைத்தாள். துடைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

நஸ்ரின் கொண்டுவந்த பாய்கள் மட்டும் இன்னும் மூலையில் சுருட்டியபடியே நிற்கின்றன. மேகலா திருப்பிக் கொடுக்க விடவில்லை — அடுத்த செத்தவீட்டுக்குக் கதிரை போகும்போது நாங்கள் எதில் இருப்பதாம்?